தகவல் சொல்கிற வரைக்கும் ஓடும் வண்டி

நல்லமங்கலத்துக்கு வந்த புது பேட்டரிக்குக் கரண்ட் வேண்டாம். யாராவது எதற்காவது காத்திருந்தால் போதும், தானாகச் சார்ஜ் ஏறிக்கொள்ளும்.

ஊருக்கு வெளியே பழைய பஞ்சுக் கிட்டங்கி இருந்த இடத்தில் கம்பெனி போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரே ஒரு பேட்டரி, முகத்தில் ஐந்து பச்சைக் கோடுகளோடு உட்கார்ந்திருக்கும். ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். "அடுத்த வருசம் கடைக்கு வந்துரும்" என்பார் வாட்ச்மேன். வந்தவர்கள் பேரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காத்திருப்பார்கள். அவர்கள் காத்திருக்கக் காத்திருக்கக் கோடு ஐந்தும் பளிச்சென்று எரியும். கம்பெனியின் லைட்டு, காத்தாடி, மேனேஜர் அறையின் ஏசி எல்லாம் அதில்தான் ஓடியது. பல வருசம் அப்படியே ஓடியது. யாரும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. அடுத்த வருசம் என்பது எந்த வருசம் கேட்டாலும் அடுத்த வருசம்தானே.

கடைக்குக் கொண்டுவருவதில் ஒரே ஒரு சிரமம்தான் இருந்தது. பேட்டரி கைக்கு வந்ததும் ஆள் காத்திருப்பதை நிறுத்திவிடுவார்.

முதல் பேட்டரியை மாவு மில் தர்மராசுக்குக் கொடுத்தார்கள். மாலை போட்டு, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டுத்தான் கொடுத்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஐந்து கோடும் அணைந்துவிட்டது. திருப்பிக் கொடுத்தார், எரிந்தது. மறுபடி வாங்கினார், அணைந்தது.

"என்ன சார் இது, எங்கிட்ட வந்தா மண்டையப் போடுது, உங்ககிட்ட வந்தா எந்திரிச்சு உக்காருது?"

"உங்களுக்குக் கிடைச்சிட்டுல்லா அண்ணாச்சி, அதான்" என்றான் இன்ஜினியர் ஐசக்.

"அப்போ கிடைக்காத மாதிரி குடுங்க."

"அதைத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றான் ஐசக்.

வெள்ளத்தாயும் பேர் கொடுத்திருந்தாள். அவள் பேட்டரி வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறவள். முப்பத்தைந்து வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் சுடலைமணி வீட்டில், மதினி பாக்கியத்தோடு இருந்தாள். ஊரை ரயில் லைன் இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறது. கேன் நிரப்புகிற இடம் லைனுக்கு இந்தப் பக்கம். கேன் வாங்குகிற வீடுகள் முக்கால்வாசி அந்தப் பக்கம். நடுவில் மேம்பாலம், நல்ல ஏற்றம். அவளுடைய பழைய பேட்டரிக்குப் பாதி ஏற்றத்திலேயே மூச்சு முட்டிவிடும். அவள் இறங்கி, இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவாள். அதற்குள் நீலவண்டி கொம்பையா டீசல் புகையை அவள் முகத்தில் விட்டுவிட்டு, "தள்ளு மாடல் தள்ளு" என்று சிரித்துக்கொண்டே போய், அந்தப் பக்கத்து வீடுகளில் இரண்டை எடுத்துக்கொள்வான். இப்படியே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மொத்தமும் கொம்பையாவிடம் போய்விட்டால் வண்டியை விற்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போக வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். வெள்ளத்தாய்க்கு உட்கார்ந்திருக்கப் பிடிக்காது.

அதனால் ஐசக் சோதனைக்கு ஆள் தேடியபோது அவள் முன்னால் போய் நின்றாள்.

ஐசக் ஏற்கெனவே பலவிதமாகச் சோதித்துப் பார்த்திருந்தான். பேட்டரிக்காகவே காத்திருந்தால்தான் ஆகுமென்று இல்லை. எதற்காகக் காத்திருந்தாலும் ஏறும். பஸ்சுக்காகக் காத்திருக்கிறவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஏறியது. ஆனால் பஸ் வந்துவிட்டது. கரண்ட் போன நேரத்தில் வைத்துப் பார்த்தான். ஊரே கரண்டுக்காகக் காத்திருந்ததில் நன்றாக ஏறியது. கரண்ட் வந்ததும் இறங்கிவிட்டது, பிறகு பேட்டரி எதற்கு? மழைக்குக் காத்திருக்கிற சம்சாரி ஒருவரின் புஞ்சையில் வைத்தான். ஆவணி, புரட்டாசி முழுக்க அபாரமாக ஏறி, ஐப்பசியில் நனைந்து போனது. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வீட்டில் வைத்தபோது, பேட்டரி உப்பிப்போய்த் தொட முடியாமல் கொதித்தது. ஈரச் சாக்கைச் சுற்றி, மோர் ஊற்றி ஆற வைத்துத் தூக்கி வந்தார்கள்.

"மெதுவா ஏறணும், நிக்காம ஏறணும், சுடவும் கூடாது" என்றான் ஐசக். "அப்படி ஒரு காத்திருப்பு வேணும் அக்கா."

"கெடச்சா சொல்லுதேன் தம்பி" என்று வெள்ளத்தாய் பேட்டரியை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். கைக்கு வந்துவிட்டதால் அது இருட்டாக இருந்தது.

அந்த வாரம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மயிலேறி, நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர், நாற்பது வயது. வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். அம்மா பேராச்சியும், பேசாத ஒரு பெரியப்பாவும், எல்லாவற்றையும் கேட்கிற ஒரு அத்தையும் கூட வந்தார்கள். பாக்கியம் கேசரி கிண்டியிருந்தாள், வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தாள். அத்தை கிணற்றைப் பற்றிக் கேட்டாள், கிணறு இல்லை என்றார்கள். மாட்டைப் பற்றிக் கேட்டாள், அதுவும் இல்லை என்றார்கள். பெரியப்பா இரண்டாவது தடவை கேசரி வாங்கிக்கொண்டார். வெள்ளத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மயிலேறி தம்ளரைப் பார்த்தபடியே, "பாலத்துல வண்டி தள்ளுதது நீங்கதான?" என்று கேட்டான்.

"ஆமா."

"ஒரு நா பின்னால கை குடுத்தேன். நீங்க திரும்பிப் பாக்கல."

"திரும்புனா உருண்டுரும்" என்றாள் அவள்.

பேராச்சி எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப ஊருக்குப் போயிக் கலந்து பேசித் தகவல் சொல்லுதோம்."

ஊர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அவள் சொல்லி வாயை மூடவும் டிவி பக்கத்தில் ஐந்து கோடும் எரிந்தன. பெரியப்பா அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "நல்ல வெளிச்சம்" என்றார். எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் அந்தப் பேட்டரியை மாட்டிய வெள்ளத்தாயின் வண்டி, ஏற்றிய கேன் அத்தனையோடும் ஒரே மூச்சில் பாலம் ஏறியது. கொம்பையாவின் வண்டியைத் தாண்டும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழக்கதோசம்.

போன வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பேராச்சி வீடும் கேன் போடச் சொன்னது. தண்ணீர் விஷயம் வேறு, அந்த விஷயம் வேறு. வெள்ளத்தாய் தினம் காலையில் அங்கே வண்டியை நிறுத்துவாள். மயிலேறி வெளியே வந்து கேனைத் தானே தூக்கிக்கொள்வான். தகவலைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வண்டியின் முகப்பில் கோடு ஐந்தும் நிற்கும்.

ஒருநாள் அவன் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"சிரிக்காதிய. ரெண்டு கோடு எறங்கிட்டு."

"சரி, சிரிக்கல" என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டான். ஒரு கோடு ஏறியது. "பத்துமா?"

"கேட்டுக்குள்ள போயி ஒருக்க கதவ டமார்னு சாத்துங்க."

சாத்தினான். முழுசாக ஏறிவிட்டது.

இன்னொரு நாள் பேராச்சி, தலைக்கு வைத்துக்கொள் என்று ஒரு முழம் பிச்சிப்பூவைக் கொடுத்தாள். வண்டி அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று. வெள்ளத்தாய் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. பேராச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாங்குனது. மிஞ்சிக் கெடந்துச்சு. உனக்குன்னு வாங்கல" என்றாள். வண்டி கிளம்பியது. வெள்ளத்தாய்க்கு அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவை வாய் தவறி அத்தை என்று சொல்லி, பாலத்தின் அடிவாரம்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதிலிருந்து "இந்தாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஐசக் வந்து பார்த்தான். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான், ஜில்லென்று இருந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னான். அடுத்த மாதமே பேட்டரி கடைக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு பேட்டரியோடும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் சேர்த்தி. கம்பெனி வேனிலேயே வருவார்கள். ஒரு பெரியவர், ஒரு அம்மா, கேள்வி கேட்கிற பெண் ஒருத்தி, தலையைக் குனிந்தபடி ஒரு மாப்பிள்ளை. உட்கார்ந்து தின்றுவிட்டு, தகவல் சொல்கிறோம் என்று எழுந்து போவார்கள். அதற்குப் பிறகு வண்டி ஓடும், மோட்டார் ஓடும், கிரைண்டர் ஓடும். கல்யாண வயதில் பெண் இல்லாத வீடுகளுக்கு, வீட்டை வாடகைக்குப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். அவர்கள் மாடியைப் பார்த்து, குழாயைத் திறந்து மூடிவிட்டு, "வீட்ல கேட்டுச் சொல்லுதோம்" என்று போவார்கள். அதில் மூன்று கோடுதான் ஏறும், ஆனால் மிக்சிக்கு அது போதும். மாவு மில் தர்மராசுக்கு மூன்று பெண்கள். அவர் மில் இருபத்து நாலு மணி நேரமும் ஓடியது.

"இதுக்கு என்னென்னவோ உலோகம் கெடைக்கலன்னு பேப்பர்ல போடுதானே" என்று தர்மராசு கேட்டார்.

"உலோகம் கெடக்கு அண்ணாச்சி. ரவைதான் கெடைக்கல" என்றான் ஐசக்.

அது உண்மைதான். கேசரி இல்லாமல் போன வீட்டில் பேட்டரி ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை. கம்பெனி வடக்கே எங்கிருந்தோ லாரி லாரியாக ரவை இறக்கியது. சேமியாவில் சோதனை நடப்பதாகப் பேச்சு.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது மயிலேறி ஒருநாள் பாலத்தின் அடியில் நின்றான். கையில் ஒன்றுமில்லை. சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். வெள்ளத்தாய்க்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சொல்லத்தான் வந்திருக்கிறான்.

"ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்தான்.

"முழு லோடு இருக்கு. ஏறி எறங்கிக்கிடுதேன், அங்கன வச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் இறங்கினாள். அவனும் நடந்து வந்து சேர்ந்தான்.

"இப்ப சொல்லட்டா?"

"இப்பச் சொன்னா இந்தத் தெருவுக்குத் தண்ணி எப்படிப் போகும்?"

"காலி கேனோட திரும்பி வரும்போது?"

"திரும்பவும் பாலம் ஏறணும்லா?"

அவன் பாலத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. "நாளைக்கு வாரேன்" என்று மில்லுக்குப் போனான். மறுநாளும் வந்தான். அன்றைக்கும் ஏறுகிற வேலையோ இறங்குகிற வேலையோ இருந்தது. அவன் இஸ்திரிச் சட்டையோடு வந்து, வந்தபடியே திரும்பிப் போவான்.

வெள்ளத்தாய்க்கு அவன் என்ன சொல்லப் போகிறான் என்று தெரியும். கேட்க ஆசையாகவும் இருந்தது. கேன் நிரப்புகிற குழாயடியில் உட்கார்ந்திருக்கும்போது தனக்குத்தானே ஒரு தடவை, அவன் குரலில், சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தலையை நிமிர்த்தியபோது வண்டியில் ஒரு கோடு மங்கிப்போயிருந்தது. அவசரமாக வேறு எதையோ நினைத்துக்கொண்டாள்.

பாக்கியம் அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "எத்தன நாளைக்குத் தாயி இப்படி? அந்த மனுசன் சட்டைய இஸ்திரி போட்டுப் போட்டே தேஞ்சிரும் போல."

"சரின்னு சொன்னாலும் வண்டி நிக்கும் மதினி. வேண்டாம்னு சொன்னாலும் நிக்கும். நின்னா அந்தப் பக்கம் பூராவும் கொம்பையாதான்."

"அப்ப வண்டி வேணுமா, மாப்பிள்ள வேணுமா?"

வெள்ளத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ரெண்டும்தான்" என்றாள் கடைசியில்.

"ரசம் ஊத்தட்டா?" என்றாள் பாக்கியம்.

மறுநாள் காலையில் மயிலேறி கேன் தூக்க வந்தபோது, வெள்ளத்தாய் வண்டியை விட்டு இறங்காமலே பேசினாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பதில் சொல்லிராதிய."

"சரி."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்கம்மாவும் சொல்ல வேண்டாம். கட்ட மட்டும் செய்ங்க."

மயிலேறி கேனைத் தோளுக்கு ஏற்றினான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கதவை டமாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போனான். உள்ளேயிருந்து பேராச்சியின் குரல் மட்டும் கேட்டது. "அவ கேட்டதுல என்ன தப்பு? நமக்கும் அந்தத் தண்ணிதான."

பத்திரிகை அடித்தார்கள். 'மேற்படி சம்பந்தம் குறித்து மாப்பிள்ளை வீட்டார் இன்னும் தகவல் சொல்லாத காரணத்தால், நிகழும் தை மாதம் முகூர்த்த நாளில் திருமணம் நடைபெறும். சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து காத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்து. அச்சகக்காரர் ஒரு பிழை கூட விடவில்லை.

முகூர்த்த நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. அய்யர் வழக்கப்படி, "பையன் வீட்டுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். வாசலில் நின்ற தண்ணீர் வண்டியை எல்லோரும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். பேராச்சி பட்டுச்சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போயிக் கலந்து பேசித் தகவல் சொல்லுதோம்."

"கெட்டிமேளம்" என்றார் அய்யர். மயிலேறி தாலி கட்டினான். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி இல்லாததால் மூன்றாவது முடிச்சைப் பாக்கியம் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணும் முடிவாகல தாயி, தைரியமா இரு" என்று வெள்ளத்தாயின் காதில் சொன்னாள். பெண்ணும் மாப்பிள்ளையும் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ள, சுடலைமணி வண்டியை ஓட்டினான். பாலத்தின் ஏற்றத்தில் ஒரு இடத்தில் கூட மூச்சு வாங்கவில்லை. கொம்பையா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

குடித்தனம் நன்றாகவே நடந்தது. காலையில் மயிலேறி டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போவான். "சரி மில்லுக்காரரே" என்பாள் வெள்ளத்தாய். மாதத்துக்கு ஒருமுறை பேராச்சி பக்கத்து அறையிலிருந்து பெண் பார்க்க வருவாள். வெள்ளத்தாய் காப்பி கொண்டுபோய் வைப்பாள்.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு காத்திருப்பதில் சார்ஜ் மிக அதிகமாக ஏறியது. ஐந்து கோடும் போதாமல், பேட்டரியின் ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. ஐசக் வந்து பார்த்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு பித்தளைக் குழாய் வைத்துக் கொடுத்தான். "நிரம்புனா பிடிச்சு வச்சிருங்க அக்கா, வீணாக்காதீங்க" என்றான். வெள்ளத்தாய் காலி கேனைப் பிடித்தாள். தெளிவாக, லேசான பச்சை நிறத்தில் வந்தது. மூடி போட்டு மற்ற கேன்களோடு ஏற்றினாள்.

லைன் ஓரத் தெருவில் தையல்கடை சரசுதான் முதலில் வாங்கினாள். ஒரு தம்ளர் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினாள். "மத்த தண்ணிய விட இது கனமா இருக்கே. நாளைக்கும் இதையே போடு" என்று சொல்லிவிட்டு, மிஷினை நிறுத்தி, வாசற்படியில் வந்து உட்கார்ந்து, எதற்கோ காத்திருக்கிறவள் மாதிரி லைன் பக்கமாகப் பார்த்தாள். அந்தத் தெரு முழுக்க அதையே கேட்டார்கள். வாங்கிக் குடித்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து, லைனைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

நல்லமங்கலத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்பதில்லை, எப்போதும் கூவிக்கொண்டே போய்விடும். அன்றைக்கு வேகத்தைக் குறைத்து, ஸ்டேஷனைத் தாண்டி வந்து, பாலத்தடியில் அந்தத் தெருவுக்கு நேராக நின்றது. ஒருவரும் ஏறவில்லை, ஒருவரும் இறங்கவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு மட்டும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சரளைக்கல்லில் நடந்து வெள்ளத்தாயின் வண்டியிடம் வந்தார்.

"எங்களுக்கு ஒரு கேன் குடும்மா. எல்லாரும் கேக்காங்க."

"கூலிங்கா, சாதாவா?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

கார்டு திரும்பி இன்ஜினைப் பார்த்தார். அது லேசாக ஒருமுறை கூவியது.

"சாதாவாம்" என்றார்.